அக்கா என்று எழுதியவள்

ஆறு வருஷமாகக் கடிதத்திலேயே பழகிய ஒருத்தியை நேரில் பார்க்கப் போகிறோம் என்றால் யாருக்குத்தான் கால் தரையில் பாவும்? தையற்காரிக்கு அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. சபையின் மாதர் சங்கம் வருஷா வருஷம் கடல் தாண்டிய ஒரு நாட்டுக் குடும்பங்களுக்குத் துணிப் பெட்டிகள் அனுப்பும். பெட்டிகளோடு சங்கத்திலிருந்து ஒருத்தி போய்வருவாள். இதுவரை போனவர்கள் போதகரின் மனைவி, டாக்டரம்மா, தலைமை ஆசிரியை என்று பெரிய இடத்து ஆட்கள். இந்த வருஷம்தான் யாரோ ஒரு புண்ணியவதி தையற்காரியின் பேரைச் சொல்ல, கூட்டத்தில் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.

அத்தனை பேரும் என்றா சொன்னேன்? ஒருத்தி தூக்கவில்லை. அவள் சங்கத்தின் செயலாளர், தையற்காரிக்கு நாத்தனார், செத்துப்போன புருஷனின் கூடப்பிறந்த தங்கை. ஒரே வீட்டில்தான் இருவரும். மாடியில் நாத்தனார், கீழே இவள். கூட்டம் முடிந்த அன்றே நாத்தனார் முட்டுக்கட்டை போட ஆரம்பித்துவிட்டாள். முதலில் அண்ணிக்கு முட்டிவலி என்றாள். அப்புறம் அந்த ஊர்க் குளிர் ஆகாது என்றாள். கடைசியில் அண்ணிக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாதே என்றாள். நாத்தனாருக்கு அது தெரியும், அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸாக ஐந்து வருஷம் அங்கே வேலை பார்த்தவள். தானே போகவேண்டும் என்று ஆசையாக்கும் என்று தையற்காரி நினைத்துக்கொண்டாள். மனுஷ புத்தி அவ்வளவுதான், பக்கத்தில் இருப்பவளின் பொறாமை தெரியும், பயம் தெரியாது.

சங்கத்தின் முறை இப்படி. உள்ளூரில் பிள்ளை பெற்ற வீடு, படுத்த படுக்கையான வீடு என்று ஏறி இறங்கி மளிகையும் துணியும் கொடுப்பார்கள். வெளிநாட்டுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு அக்கா உண்டு. அக்கா கடிதம் எழுதி, உறையை ஒட்டிச் செயலாளரிடம் கொடுப்பாள். அங்கே தமிழ் தெரிந்த மருத்துவச்சி ஒருத்தி அதைப் பிரித்து அந்தக் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவாள். அவர்கள் எழுதும் பதில் அந்த ஊர்ப் பாஷையில் வரும். அதைச் செயலாளர் தமிழாக்கி எழுதிக் கொடுப்பாள். அசல் கடிதங்கள் சங்கத்து அலமாரியில் இருக்கும். யாரும் யாருக்கும் நேரடி முகவரி தரக்கூடாது, தந்தால் தனிப்பட்ட முறையில் உதவி கேட்பார்கள் என்று யாரோ ஒரு காலத்தில் போட்ட சட்டம்.

தையற்காரிக்கு வாய்த்தவள் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இரண்டு பிள்ளைகள். முதலில் கடிதம் எல்லாம் அளவுகள்தான். மூத்தவனுக்குத் தோள் இவ்வளவு, இளையவளுக்கு இடுப்பு இவ்வளவு. போகப்போக ஒட்டுதல் வந்துவிட்டது. அவள் 'அக்கா' என்று ஆரம்பிக்கும் கடிதத்தைக் கண்டால் இவளுக்குப் பாதி வேலை ஓடாது.

புருஷன் செத்து ஒரு வருஷம் கழித்து, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளுக்கு எழுதினாள். அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வரிசையில் நின்று கணீரென்று பாடுகிறவர். வீட்டுக்குள் கைநீட்டுகிறவர். பதினெட்டு வருஷம். 'சவப்பெட்டியை மூடினபோது எனக்கு அழுகை வரவில்லை தங்கச்சி, மூச்சு வந்தது. நான் பாவியா?' என்று எழுதி, உறையை இரண்டு தரம் பசை தடவி ஒட்டினாள்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. 'அக்கா, உங்கள் மேல் தப்பில்லை. அடித்தவருக்காக அழாதது பாவமில்லை. இனிமேல் நிம்மதியாகத் தூங்குங்கள்.' தையற்காரி அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். விடிந்து வெயில் ஏறினபிறகுதான் எழுந்தாள். அப்படித் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே கணக்கில்லை. போதகரின் பிரசங்கம் கொடுக்காத விடுதலையை இஸ்திரி போடுகிற ஒருத்தியின் மூன்று வரி கொடுத்தது. அவளைக் கட்டிப்பிடித்து ஒரு தரம் அழவேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணமே.

பெட்டி கட்டுகிற நாளில், அங்கேயிருந்து அந்த மருத்துவச்சியே விடுமுறையில் வந்திருக்கிறாள், மதியம் சங்கத்துக்கு வருவாள் என்று செய்தி. நாத்தனார் தையற்காரியைக் கூப்பிட்டு, ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பிள்ளை பெற்றவள் வீட்டுக்குத் துணி கொண்டுபோகச் சொன்னாள். இன்றைக்கே போயாகவேண்டுமாம். இவளும் ஏமாந்த சோணகிரி மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

கூடத்தில் பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவச்சி ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் உள்ளே ஏதோ வேலையாக இருந்தாள். தையற்காரி கிட்டே போய், இஸ்திரி போடுகிறவளின் பேரைச் சொல்லி, நான்தான் அவளுக்கு அக்கா, அடுத்த மாதம் அவளைப் பார்க்க வருகிறேன் என்று சிரித்தாள்.

மருத்துவச்சி கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அவ போய் நாலரை வருஷம் ஆச்சேம்மா. காய்ச்சல்ல போயிட்டா. அப்பவே சங்கத்துக்கு எழுதினேனே."

மருத்துவச்சி பாவம், தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளைகளை மாமன்காரன் வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டானாம். அதற்கப்புறம் அக்காவிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, துக்கத்தில் எழுதுவதை விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தாளாம். துணிகள் மட்டும் பேரில்லாமல் பொதுப் பெட்டியில் வந்துகொண்டிருந்தனவாம்.

நாலரை வருஷம். அந்தப் பதில் வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. அப்படியானால் அதை எழுதியது யார் என்று தையற்காரிக்குப் புரிந்துபோயிற்று. செத்தவளுக்காக வருஷா வருஷம் பிள்ளைத் துணி தைத்திருக்கிறாள், அளவை ஒருத்தி கற்பனையில் கூட்டிக்கூட்டிச் சொல்ல. இஸ்திரி போட்ட அந்தப் புண்ணியவதிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? விடத்தான் விட்டார்களா?

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரியின் முன்னால் நின்ற நாத்தனார் இவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டாள். மழுப்பவில்லை, அதுவரைக்கும் நல்லது.

"நீங்க சாப்பிடாம கொள்ளாம கெடந்தீங்க அண்ணி. அந்த நேரத்துல இந்தச் சாவையும் எப்படிச் சொல்றது? ஒரே ஒரு லெட்டர் எழுதிட்டு நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்."

"நான் ஒட்டிக் குடுத்த உறைய ஏன் பிரிச்ச?"

பிரிக்காமல் பதில் எழுதுவது எப்படி என்று நாத்தனார் முணுமுணுத்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, ஒரே வீட்டில் இருந்தும் அண்ணி தன்னிடம் ஒரு நாளாவது மனசு விட்டுப் பேசியதுண்டா, முகம் தெரியாதவளிடம் கொட்டியதைத் தன்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்று குறைப்பட வேறு செய்தாள். எவ்வளவு தைரியம் பாருங்கள், திருடின கையாலேயே முறையீடு.

தையற்காரி குரலை உயர்த்தவில்லை. "நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா? மாடிக்குச் சத்தம் கேட்கலயா?"

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம், "கேட்டுச்சு" என்றாள்.

பதினெட்டு வருஷமும் கேட்டிருக்கிறது. ஒரு தரம்கூடப் படியிறங்கி வரவில்லை. காலையில் வந்து காப்பிக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். தையற்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பாழாய்ப்போன மனசு, அந்த மூன்று வரியை விட்டுவிட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றது. யார் எழுதினால் என்ன, அது உண்மையாக இருந்துவிட்டால் போதும். சொல்லப்போனால் அந்த மனுஷனின் ரத்தமே சொன்னால் இன்னும் பெரிசு.

"சரி. அவ பேர்ல எழுதினியே, என் மேல தப்பில்லன்னு. அத உன் வாயால சொல்லு. 'என் அண்ணன் உங்களை அடிச்சாரு, உங்க மேல தப்பில்ல'ன்னு சொல்லு. சொல்லிட்டா நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். செத்தாலும் விட மாட்டேன்."

நாத்தனார் வாயைத் திறந்தாள். கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டு பாடும் சத்தம் கேட்டது. தையற்காரி காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள், சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு.

"அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு அண்ணி. இனிமே எதுக்கு அவரப் பத்தி…"

தையற்காரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அப்போ அந்த லெட்டர யாருமே எழுதல" என்றாள்.