தோள் மாறிய வருஷம்

அந்த வருஷம் பந்தயத்துக்குக் கிளம்பும்போது குழந்தைவேலு தோளில் துண்டு போட்டுக்கொள்ளவில்லை. துண்டு கிடந்தால் ரெங்கசாமி சொகுசாக உட்காருவான், இந்த வருஷம் அதற்கு அவசியம் இருக்காது என்று சொல்லித் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டான்.

ரங்கூன் துறைமுகத்து மூட்டைக்காரர்களுக்கும் ரயில்வே பட்டறைக்காரர்களுக்கும் வருஷம் ஒரு பேஸ்பால் பந்தயம் நடக்கும். தோற்ற கட்சித் தலைவன் ஜெயித்த கட்சித் தலைவனைத் தாமுவே மைதானத்திலிருந்து கடைத்தெரு டீக்கடைவரை தோளில் தூக்கிப் போக வேண்டும். ஆறு வருஷமாகத் தூக்கியவன் குழந்தைவேலு; சவாரி போனவன் ரெங்கசாமி. அரிசி மூட்டை சுமக்கிறவனுக்கு ஓர் ஆளைத் தூக்குவது பெரிய காரியமா? ஆனால் ரெங்கசாமியும் பத்து வருஷம் அவனோடு மூட்டை தூக்கியவன்தான். இது மாட்டுப் பிழைப்பு என்று உதறிவிட்டுப் பட்டறைக்குப் போனவன், இனிச் சுமக்கிற ஆள் நானில்லை என்று தோள்மேலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். அதுதான் குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை.

அவன் மனைவி பவுனம்மாளுக்கும் பொறுக்கவில்லை.

“இந்தத் தடவையும் அவரத் தூக்கிட்டு வர்றதா இருந்தா நம்ம லயன் வீட்டுப் பக்கம் வராதீங்க” என்றாள்.

“வாசல்ல நின்னு பாரு” என்றான் அவன்.

மைதானத்தில் உமி அடைத்த நாலு சாக்குகள் கிடந்தன. பந்தை அடித்துவிட்டு மூன்று சாக்குகளைத் தொட்டு, புறப்பட்ட சாக்குக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். வழியில் பந்தால் தொட்டுவிட்டால் ஆள் அவுட். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த அமெரிக்க வாத்தியாரே நடுவர். பர்மியர்களைப் போல எல்லாரும் அவரைச் சயா என்றார்கள்.

ஒன்பது சுற்றில் முடிய வேண்டிய ஆட்டம் முடியவில்லை. நாலுக்கு நாலு. பத்தாவதும் சமன். பதினோராவதில் ரயில்வேக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்; இனி மூட்டைக்காரர்களுக்கு ஓர் ஓட்டம் போதும். அடுத்து இறங்கிய குழந்தைவேலு ஒரே அடியில் மூன்றாம் சாக்குக்குப் போய் நின்று மீசையைத் தடவிக்கொண்டான். அவனுக்கு அடுத்து இறங்கிய மூட்டைக்காரன் அப்துல் பாரி அடித்த பந்து தூரம் போனதும் கடைசிச் சாக்கை நோக்கிப் பாய்ந்தான்.

பந்து அவனை முந்திக்கொண்டது. பாதையை மறித்து நின்ற ரெங்கசாமி, அவனுக்கு முதுகைக் காட்டியபடி அதைப் பிடித்தான். இனித் திரும்பித் தொட வேண்டியதுதான் பாக்கி. குழந்தைவேலு தலையைக் குனிந்து ஓடினான். எதிரே ஆள் நின்றால் அவன் வாய் எப்போதும் செய்கிறதைத்தான் அப்போதும் செய்தது.

“பாரம், பாரம்.”

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில், பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒதுங்க வேண்டும். ரெங்கசாமி ஒதுங்கினான். கையில் பந்து இருந்தது. குழந்தைவேலுவின் கால் சாக்கில் இருந்தது.

மைதானம் ரகளையானது. சத்தம் போட்டு ஏமாற்றியது செல்லாது என்று பட்டறைக்காரர்கள் நின்றார்கள். ஏமாந்தவன் சொல்லட்டும், ஆமென்றால் ஓட்டத்தைத் தள்ளிவிடுகிறேன் என்றார் சயா. குழந்தைவேலு சாக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

ரெங்கசாமி கையிலிருந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏமாத்தலீங்க சயா. பாரம் வருதுன்னான், ஒதுங்கினேன். ஒதுங்காம நின்னா பலகையில ஆளு செத்துருவான்.”

சொல்லிவிட்டுக் குனிந்து தோளைக் கொடுத்தான்.

மேலே உட்கார்ந்து பேசுவதற்கென்று குழந்தைவேலு ஆறு வருஷமாக வசனம் சேர்த்து வைத்திருந்தான். அந்தத் தோளில் ஏறியதும், விழாமலிருக்க ரெங்கசாமியின் தலையைப் பிடித்துக்கொண்டான். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் லயன் முனையில் கூட்டம் நெருக்கியது. கீழேயிருந்து ரெங்கசாமி பழைய குரலில், “பாரம், பாரம்” என்றான். கூட்டம் ஒதுங்கியது. இறங்கி நடந்துவிடலாமா என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றியது. பவுனம்மாள் வாசலில் நிற்பதைப் பார்த்தான், இறங்கவில்லை.

அவள் கொடியிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

“தோள் வலிக்கும்ணே, இதப் போட்டுக்கிடுங்க” என்று ரெங்கசாமியிடம் நீட்டினாள்.