இரட்டைக்குழலைப் பார்க்க வந்தவர்

சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்து அதன்மேல் நீளப் பெட்டியை வைத்தார்கள். துப்பாக்கிக் கடைக்காரர் கொக்கியில் விரலைத்தான் வைத்தார். அது பட்டென்று திறந்துகொண்டது.

"அடிக்கடி திறக்கிற பெட்டி போலிருக்கே" என்றார்.

"இல்லையே. அப்பா வேலையிலருந்து நின்னப்புறம் யாரும் தொடறதே இல்ல" என்றாள் வீட்டின் மூத்த மகள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் ஒருமுறை வாசலுக்குப் போய்வந்துவிட்டது. தம்பி மருந்துக்கடைக்குப் போயிருந்தான். அந்த மருந்து பக்கத்துக் கடையில் கிடைக்காது என்று தெரிந்தேதான் அவனை அனுப்பியிருந்தாள்.

அடுத்த அறையில் அப்பாவின் மூச்சு காலையிலிருந்து இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கறுத்த தலை நரைக்கும்வரை ஒரே வங்கியின் வாசலில் நின்ற காவலர் அவர். அந்தத் துப்பாக்கியை வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வயதான வேட்டைக்காரரிடமிருந்து வாங்கினார். அப்போதே அது பழசு. அதை வைத்து அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. "சுட்டிருந்தா ஒரு திருடன் ஓடியிருப்பான். நான் சும்மா நின்னேன், வர நெனச்சவன் அத்தனை பேரும் அப்படியே திரும்பிட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

கடைக்காரர் வந்ததும் முதலில் அப்பாவின் கட்டிலருகேதான் போய் நின்றிருந்தார். சொந்தக்காரர் தன் வாயால் சொல்லாமல் கை வைக்கமாட்டேன் என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

"விக்கிறீங்களா ஐயா?"

அப்பா தலையசைத்தார். நீட்டிய தாளில் கோழி கிளறியதுபோல் ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கே" என்றார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வாயைத் திறந்து பேசிவிட்டால் அது உண்மையாகிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கூட வேலை பார்த்த நண்பன் அவன் கண்ணெதிரே கால் இடறி லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனான். உன்மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவன் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்தினான். தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துபோனான். ஒருநாள் மத்தியானம் அப்பா தூங்கி விழித்தபோது, அவன் துப்பாக்கி இருந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தானாம். "என்னடா தேடறே?" "சும்மாப்பா." அதை மட்டும்தான் அப்பா அவளிடம் சொன்னார்.

கடைக்காரர் துப்பாக்கியை எடுத்துக் குழல் முனையைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். மேலே இருந்த நெம்புகோலைத் தள்ளி, நடுவில் மடித்தார். மடித்த கை அப்படியே நின்றது.

"அம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

வலது குழலில் ஒரு தோட்டா இருந்தது. இடது குழல் வெறுமை. அவர் நகத்தால் நெம்பி அதை வெளியே எடுத்துப் போர்வைமேல் நிறுத்தி வைத்தார். சிவப்பு உறை, பித்தளை அடி. அது மருந்துக் குப்பி மாதிரி சாதுவாக நின்றது.

"அப்பா தோட்டாவப் போட்டே வெக்கிறவரா?"

"இல்ல." "வாசப்படி ஏறும்போதே கழட்டிடுவாரு. தனக்குத்தானே 'காலியா?'ன்னு கேட்டுக்கிட்டு 'காலி'ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வருவாரு."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"தம்பி."

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நேற்றிரவு தம்பிக்கு இருமல் வந்தபோதுகூட அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லையே. களைப்பில் கட்டையாகத் தூங்கிப் போனாளே!

"சீக்கிரம் பாத்துடுங்க சார்."

"இது என்ன கத்திரிக்காயாம்மா, பாத்ததும் கூடையில போட?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்துடறேன்" என்று குரலைத் தாழ்த்தினார்.

குழலடியில் இருந்த மர முன்கட்டையைக் கழற்றினார். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இரண்டு குழல்களையும் உடலிலிருந்து பிரித்து, கீழிருந்த கொக்கியில் ஒற்றை விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். நீளமான நாதம் எழுந்து அறை முழுக்கச் சுற்றியது. அடுத்த அறையில் மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"குழல் ரெண்டையும் சேத்த ஒட்டு விடல. விட்டிருந்தா ஓட்டைப் பானை மாதிரி கரகரக்கும்" என்றார். குழலை ஜன்னல் பக்கம் உயர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"வலது பரவாயில்ல. இடதுல துரு தின்ன குழி. இங்க பாருங்க, வெளியிலயும் ஒரு நசுங்கல், எவனோ அத நிமித்தறேன்னு தேச்சுத் தேச்சுத் தகடா ஆக்கிட்டான்." மறுபடி பூட்டி, காதருகே வைத்துக் குலுக்கினார். மெல்லிய ‘டக் டக்’. "கீல்ல ஆட்டம். பின்கட்டையில கைபிடிக்கிற எடத்துல விரிசல், பசை போட்டு மறைச்சிருக்கு. செதுக்கு வேலை எல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம், அம்சமான சாமான். ஆனா இந்தக் காலத்துத் தோட்டாவப் போட்டா இடது குழல் வெடிச்சு, பிடிச்ச கையையே எடுத்துடும். இத யார் தலையிலும் கட்ட எனக்கு மனசு வராதும்மா. வேண்டாம்."

அவர் பெட்டிக்குள் குழலைத் திரும்ப வைக்க ஆரம்பித்தார்.

"சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"அது சரிப்படாது..."

"சார், உங்களுக்கும் பிள்ளைங்க இருப்பாங்க." வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

கடைக்காரர் நின்றிருந்த தோட்டாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உதிரி பாகத்துக்குன்னு எழுதி எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, தோட்டாமேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

ஆனால் தம்பி அதற்குள் உள்ளே வந்துவிட்டான். கையில் மருந்துப் பை.

"இது எதுக்குக்கா வெளிய இருக்கு?"

"வித்தாச்சுடா."

"யாரக் கேட்டு?"

"அப்பாதான் சொன்னாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு."

அவன் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. கடைக்காரரின் கவிழ்ந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. சமையலறையில் எதுவோ சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா..." என்று தொடங்கினான். அப்போதுதான் உள்ளேயிருந்து அப்பாவின் தொண்டையில் ஒரு கரகரப்பு. இருவரும் ஓடினார்கள்.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். உதடு அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"காலியா?"

அவளுக்குப் பதில் தெரியும். அவள் தம்பியைப் பார்த்தாள். கட்டிலின் மறுபக்கம் தம்பி மண்டியிட்டான்.

"காலிதாம்பா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்பா. நானே பாத்தேன். காலி."

அப்பா மகன் முகத்தைப் பார்த்தார். வங்கி வாசலில் உள்ளே நுழைகிறவர்களைப் பார்க்கிற பார்வை; அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து மோவாய்வரை. அப்புறம் கையை எடுத்து அவன் காதோரம் வைக்கப் பார்த்தார். அது பாதியில் தளர்ந்தது. தம்பி அதைப் பிடித்துத் தன் காதோடு சேர்த்துக்கொண்டான். ஒரு மூச்சு வந்தது. சற்றுத் தாமதித்து இன்னொன்று. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

கடைக்காரர் கதவோரம் வந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கிளம்பறேன்மா. எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

தம்பி எழுந்தான். அவர் தடுக்கத் தடுக்கப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். மூத்தவளுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அப்பாவைத் தனியாக விடவும் மனமில்லை, அவன் கையில் அந்தப் பெட்டி இருக்கும்போது அவனைத் தனியாக விடவும் முடியவில்லை. கூடத்து நடுவில் நின்றபடி, திறந்த கதவுவழியே பார்த்தாள்.

காரின் பின்பக்கம் பெட்டியை வைத்தான். மூடிவிட்டு நின்றான். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு இன்னொரு சிவப்புத் தோட்டாவை எடுத்து நீட்டினான். கடைக்காரர், கடையில் மீதிச் சில்லறை வாங்கிக்கொள்கிறவர்போல, அதைப் பார்க்காமலே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுக் காரில் ஏறினார்.

தம்பி திரும்பி வந்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமாக்கா?"

அவள் அவன் சட்டைக் காலரில் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டாள். "மாமாவுக்கும் அத்தைக்கும் போன் பண்ணணும்டா" என்றாள்.

"நீ பண்ணு. நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்."

அத்தை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகை பொங்கியது. "எப்போடி? கூட யாரு இருந்தா? அவன் எங்கே, தம்பி எங்கே?" என்று அழுகைக்கு நடுவே கேள்விகள் வந்து விழுந்தன. மூத்தவளின் காது போனில் இல்லை. குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காக அவள் உடம்பு முழுதும் காதாகி நின்றது.

சத்தம் வரவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் எட்டிப் பார்த்தாள். கதவு ஒரு சாண் அளவு திறந்தே இருந்தது. அந்த இடைவெளியில் விளக்கு வெளிச்சம் தரையில் கோடாக விழுந்திருந்தது. வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தம். கோட்டின் குறுக்கே அவன் நிழல் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது.

"அலோ? இருக்கியாடி? அலோ?" என்றது போன்.