பொன்னி அண்ணி வீட்டுக்குப் போன மரபீரோ

ஞாயிறு மத்தியானம் எங்கள் முன்னறையில் நாலு பேர் இருந்தோம். என் வீட்டுக்காரர் தாவீது, புதுசாக ஒயர் பின்னிய நாற்காலியில். அவருடைய அக்கா பொன்னி, ஜன்னலோரப் பெஞ்சின் ஒரு பாதியில். மறுபாதிக்கு அன்று காலைதான் வார்னிஷ் அடித்திருந்தது. எங்கள் மகள் ஷாரோன் தரையில், மரபீரோவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. நான் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின்மேல். வீட்டில் காய்ந்திருந்த இடம் அவ்வளவுதான்.

கூடியதற்குக் காரணம் ஒரு போன். வீட்டு ஓனர் ஜெகதாம்பாள் அம்மாவின் மகன் ரவிச்சந்திரன் செங்கல்பட்டிலிருந்து பேசியிருந்தார். சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க வருகிறாராம். எதற்கென்று சொல்லவில்லை. தாவீதும் கேட்கவில்லை. சரி சார், வாங்க சார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எதற்கென்று எங்களுக்கே தெரியும் என்று நினைத்தோம். நெம்மேலியில் எங்களுக்குப் பின்தெருவில் ஜாக்குலின் குடியிருந்த வீடு, இப்போது மாமல்லபுரம் வருகிற டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிற ரூம். ஜாக்குலின் அந்த வீட்டுச் சுவருக்கு நீலம் அடித்து, மாடியில் செடி வைத்து, படம் பிடிக்கிற மாதிரி வைத்திருந்தாள். ஓனர் வந்தார், பார்த்தார், நிஜமாகவே படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஜாக்குலின் குடும்பம் திருப்போரூர் பக்கம் ஒற்றை அறைக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டையும் நாங்கள் கெடுத்துத்தான் வைத்திருந்தோம், அதாவது நன்றாக்கி. குடி வந்தபோது உப்புக்காற்றில் சுவரெல்லாம் பூத்துப்போய், தொட்டால் காரை மாவாகக் கையில் வந்தது. ரிப்பேர் உங்கள் பொறுப்பு, வாடகையை ஏற்ற மாட்டேன் என்று ஜெகதாம்பாள் அம்மா வாயால் சொன்னதுதான் ஒப்பந்தம். சம்பளம் வருகிற வாரத்தில் ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டோம். சுரண்டி, பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். சிறுசேரியில் ஷட்டில் வேன் ஓட்டுகிற தாவீது, ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற பெஞ்சையும் நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். உப்புத்தாள் தேய்ப்பது என் வேலை.

மரபீரோ மட்டும் ஓனர் அம்மாவுடையது. எடுத்துப்போக இடமில்லை என்று விட்டுப் போனது. பச்சை பெயின்ட் தடித்துப்போய்க் கதவே சாத்தாது. ஒரு மழைக்காலம் முழுக்க ஷாரோனும் நானும் பெயின்ட் உரிக்கிற மருந்து தடவிச் சுரண்டியதில், அடியில் தேக்கு. மெழுகு பாலிஷ் போட்ட அன்று தாவீது அதன் முன்னால் நின்றுகொண்டே காப்பி குடித்தார்.

இப்போது பொன்னி அண்ணி அந்தப் பீரோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் தாவீது, வூடு அயகா கீதுன்னா கண்ணு வுயும்டா. அவங்க வரசொல்லோ பயைய மாரியே இருக்கட்டும். இத தூக்கி என் வூட்ல போடு."

அண்ணி வீடு இரண்டு வீடு தள்ளித்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை என்றேன். வேறு என்ன செய்யலாம், நீயே சொல்லு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீரோ போயிற்று. பெஞ்சின்மேல் சாக்கு விரித்தோம். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த சிவப்புத் தரையில் பழைய தார்ப்பாய் போட்டோம். குறுக்கே கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்கவிட்டோம். தாவீது ஒரு பூச்சுக் கரண்டியை எடுத்துச் சுவரில் நாலு இடத்தில் பெயர்த்துவிடலாமா என்று பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ரெண்டு கரப்பானும் புடிச்சாந்து வுடவாப்பா?" என்றாள் ஷாரோன்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ரவிச்சந்திரன் செருப்போடு உள்ளே வந்து ஈரத்துணிக்குக் குனிந்து போனார். ஜெகதாம்பாள் அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். சாக்கு விரித்த பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒவ்வொரு அறையாக மெதுவாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முன்னறைச் சுவரில் வெறுமையாக இருந்த இடத்தில் நின்றார்.

"இங்க ஒரு மரபீரோ இருந்துதே?"

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அழகை மறைக்கிறோம் என்று, அவர்கள் பொருளையே மறைத்து வைத்திருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் தாவீது முந்திக்கொண்டார்.

"கரையான் அரிச்சிடுச்சுமா. தூக்கிப் போட்டுட்டோம்."

"அது தேக்குப்பா" என்றார் அந்த அம்மா.

ரவிச்சந்திரன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. அம்மாவைப் பார்த்துச் சாதாரணமாகப் பேசினார்.

"நல்லா வெச்சிகினு கீறாங்க, அவங்க இருக்கிற வரைக்கும் வூட்ட விக்க மாட்டேன்னு சொல்லிகினே இருந்தியே. பாத்துட்டியா? வூட்டையும் வெச்சிக்கல, சாமானையும் வித்துட்டாங்க."

பிறகு எங்களைப் பார்த்து, மே மாதத்துக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார்.

கார் திரும்பிப் போகும்வரை நான் வாசலில் நின்றேன். எங்கள் தலைக்கு மேலே கூரையாக இருந்தது அந்த அம்மாவின் ஒரு வார்த்தைதான் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதை நாங்களே ஆள் வைத்துத் தூக்கி, இரண்டு வீடு தள்ளி வைத்துவிட்டோம்.

போன் செய்து பார்த்தேன். அந்த அம்மாவுக்கென்று தனி நம்பர் கிடையாது. மகன் எடுத்தார். அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றேன். எல்லாம் பேசியாச்சு என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. வேறு வீடு தேட வேண்டும் என்பது ஒரு பக்கம். ஓனர் பீரோவை விற்றுத் தின்றவர்கள் என்ற பேரோடு எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். திருக்கழுக்குன்றம் பள்ளிக்கூடத்தில் படித்த அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எனக்கு இன்னும் வரிசையாக வரும். கடிதம் எழுதப் போகிறேன் என்றேன்.

தாவீது தடுத்தார். "எயுதிக் குடுத்தா நாளைக்கி அதுவே சாட்சி ஆயிடும். வாயால சொன்ன பொய்யி காத்தோட போயிடும்."

"அந்தம்மா மனசுல போய் உக்காந்துகிச்சே, அது எங்க போவும்?" என்றேன்.

முதலில் பீரோவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். போனால், அண்ணி அதற்குள் தன் புடவையெல்லாம் அதில் அடுக்கி வைத்திருந்தார். என் யோசனையால்தானே இப்படி ஆச்சு என்று எங்கே நாங்கள் சொல்லிவிடுவோமோ என்று அவருக்கும் பயம். அதனால் முந்திக்கொண்டு கோபப்பட்டார். எடுத்துகினு போ, எனக்கு இன்னா, என் புடவைக்கு அட்டைப்பெட்டி இல்லையா என்றார். அப்புறம் அவரே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கடிதத்தோடு ஒரு படம் வைக்கலாம் என்றாள் ஷாரோன். அதில்தான் மறுபடி சிக்கல். பீரோ இருப்பதற்குப் படம்தான் ருசு. ஆனால் படத்தில் சுவரும் விழும், தரையும் விழும். மகன் கண்ணில் பட்டால் ஜாக்குலின் வீட்டுக் கதைதான். பீரோவை மட்டும் கிட்டே போய் எடுத்துவிடலாம் என்றார் தாவீது. அப்படியும் எடுத்துப் பார்த்தோம். எந்த வீட்டுப் பீரோ என்று யாருக்கும் தெரியாத மாதிரி இருந்தது. அதை வைத்து அனுப்பினால் இன்னொரு பொய்யாகத்தான் படும். தார்ப்பாயைச் சுருட்டச் சொன்னேன். கயிற்றை அவிழ்த்தோம். எதிர்ச்சுவர் வரைக்கும் பின்னால் போய் ஷாரோன் முழு அறையையும் எடுத்தாள். ஜெராக்ஸ் கடையில் கலரில் போட்டு வாங்கினேன்.

அன்புள்ள ஜெகதாம்பாள் அம்மாவுக்கு என்று ஆரம்பித்தேன். உங்கள் பீரோ உங்கள் வீட்டில் அதே இடத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சொன்னது பொய். வீடு நன்றாக இருந்தால் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில், நன்றாக இல்லாத மாதிரி வைத்துக் காட்டினோம். சொல்லாமல் கொள்ளாமல் எந்த நாளும் நீங்கள் வந்து பார்க்கலாம். இந்த வீட்டில் தொடர்ந்து இருக்கவே எங்களுக்கு ஆசை. போகத்தான் வேண்டும் என்றாலும் பீரோவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இப்படிக்கு என்று போட்டு, கையெழுத்துக்கு முன்னால் தாவீதிடம் நீட்டினேன். இரண்டு தரம் படித்தார். பேனாவை வாங்கித் தன் பெயரை முதலில் எழுதினார்.

தபாலாபீஸில் கூட்டமில்லை. உறையில் பசை தடவி, ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே நின்றேன். கவுன்டர் பெண் வாங்கி எடை போட்டு, விலாசத்தைத் தட்டிக்கொண்டே பெறுநர் போன் நம்பர் கேட்டாள். போட்டால் டெலிவரி ஆவதற்கு முன் மெசேஜ் போகும் என்றாள்.

என் போனில் இருந்தது மகன் நம்பர்.

"அவங்களுக்கு போன் இல்லம்மா" என்றேன்.

நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவங்க கையிலதான் குடுக்கணும் என்றேன். தபால்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றபடி ஸ்டிக்கரை ஒட்டி, பின்னால் திறந்து வைத்திருந்த பைக்குள் உறையைப் போட்டாள்.