பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?

டைபாய்டு காய்ச்சலிலிருந்து எழுந்த காமுவுக்கு வலது காதில் ஒரு விசில் தங்கிவிட்டது. வெளியே யாருக்கும் கேட்காது. சன்னமாக, ஏறாமல் இறங்காமல், ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும். தாம்பரத்து டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு சமாசாரம்மா. பழகிக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்.

காமு கணக்கு டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் போடும் இரைச்சலில் விசில் தெரியாது. சிட்லபாக்கத்தில் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பாட்டுக் கேட்க முடியாமல் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளும் கணவர் தோத்தாத்ரியும் கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலங்களில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து கச்சேரி கேட்பவர்கள். இப்போது தம்புரா மீட்டினாலே விசில் சுருதியோடு ஒட்டாமல் தள்ளி நின்று நச்சரித்தது. பல் கூசியது.

"அணைச்சுடுங்கோ" என்றாள் ஒரு நாள்.

தோத்தாத்ரி உடனே அணைத்தார். அதற்கப்புறம் அவர் ரேடியோவைத் தொடவில்லை. அந்த வருடம், எண்பத்தெட்டில், டிசம்பர் சீசன் வந்தும் அவர் எந்த சபாவுக்கும் போகவில்லை. காரணம் கேட்டால் ஆபீஸில் வேலை என்றார். காமுவுக்குத் தெரியாதா என்ன?

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. 'உம்' என்று அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி சத்தம். அவள் துணி மடித்து முடித்தும் நிற்கவில்லை. எழுந்துபோய் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"தேவானந்தம்! மோட்டாரை மறந்துட்டேளா? டேங்க் வழியப்போறது!"

தேவானந்தம் ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"மோட்டார் இல்ல மாமி, மியூசிக்கு! கப்பல்ல கீறானே என் மச்சான், அவன் ஜெர்மனில வாங்கினு வந்த கேசட்டு."

"மியூசிக்கா? யாரு பாடறா?"

"யாரும் பாடல. சின்த்தசைசர்னு ஒரு மெஷின், என் கீபோர்டுக்குப் பெரியப்பா மாதிரி. ஒரு பெரியவர், வாலிபத்துலேர்ந்து அதையே கட்டிகினு அழறாராம். பேஜாரா இருந்தா குறைச்சிடறேன் மாமி. இல்லாட்டி உள்ள வந்து கேளுங்க."

குறைக்கச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பல் கூசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடியில் அந்த உறுமல். அதன்மேல் நாலைந்து ஸ்வரங்கள் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தன. ஒன்றேதான் வருகிறது என்று நினைத்தாள். கவனித்தால் ஒரு ஸ்வரம் போய் வேறொன்று வந்திருந்தது. எப்போது மாறியது என்று பிடிக்க முடியவில்லை. பிறகு உச்சியில் மெல்லிய கம்பி போல ஒரு ஒலி நுழைந்து அப்படியே நின்றது. காமு காதைத் தொட்டுப் பார்த்தாள். எது மெஷினுடையது, எது தன்னுடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இத்தனை மாதமாக அவளைப் படுத்திய விசில், அந்தப் பெரியவர் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டது போல அந்த இசைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

டக்கென்று டேப் நின்றபோதுதான் ஒரு பக்கம் முடிந்தது தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா மாமி, அழறீங்க?"

"ஒண்ணுமில்லே. இதை ரெண்டு நாள் தரேளா?"

அன்று சாயங்காலம் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தபோது தோத்தாத்ரி கடைக்குப் போய்விட்டு வந்தார்.

"என்னடி இது, டேப் சிக்கிண்டுடுத்தா?"

"பாட்டு கேக்கறேன்."

அவர் திகைத்துப்போய் அவள் முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, "எப்போ ஆரம்பிக்கும்?" என்றார்.

"ஆரம்பிச்சு நாழியாச்சு."

தோத்தாத்ரி தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். தப்பியது. மறுபடி எண்ணினார்.

"எட்டுன்னு நினைச்சேன். ஏழுல வந்து நிக்கறான். இரு... இல்லே, இப்போ எட்டுதான். கிழவன் ஏமாத்தறான்டி!"

காமு வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ரெண்டு நாளைக்கென்று வாங்கிய கேசட் அங்கேயே தங்கி, தினமும் காபிக்குப் பிறகு ஒரு பக்கம் என்று வழக்கமாகிவிட்டது. விசில் போகவில்லை. ஆனால் அதோடு சண்டை போடுவதை அவள் விட்டிருந்தாள். பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், டேப் முடிந்ததும் அவளே எழுந்து ரேடியோவைத் திருகினாள். யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தோத்தாத்ரி பதறிப்போய் அணைக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்" என்றாள். கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆலாபனை முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மார்ச்சில் தேவானந்தத்தின் மச்சான் மறுபடி கப்பலேறப் போவதாகச் செய்தி வந்தது. காமு உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். காம்பவுண்டுச் சுவரருகே தோத்தாத்ரியின் குரல் கேட்டது.

"தேவானந்தம், அந்தப் பெரியவர் புதுசா ஏதாவது போட்டிருக்காரான்னு உங்க மச்சானை விசாரிக்கச் சொல்லுங்கோ. எங்காத்து மாமிக்காகக் கேக்கலே. எனக்குத்தான் வேணும்."