நூற்று நாற்பதாம் பக்கம்

விருத்தாசலம் பாலக்கரையில் மதிவதனி ஒரு இ-சேவை மையம் நடத்திவந்தாள். வருமானச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அங்கே வருகிறவர்களுக்கு, அவள் இணையத்தில் ஒரு இலக்கியப் பத்திரிகையும் நடத்துகிறாள் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதனால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பத்திரிகையின் பெயர் ‘ஏட்டுவெளி’. மாதம் இரண்டு முறை, புத்தக விமர்சனங்களோடு மட்டும் வரும். அவளோடு கல்லூரியில் தமிழ் படித்த திலீபன் பிறகு கணினிப் பக்கம் போய்ச் சென்னையில் வேலையில் இருந்தான். தளத்தை அவன் பார்த்துக்கொண்டான். எது வரவேண்டும், எது வரக்கூடாது என்பதை அவள் பார்த்துக்கொண்டாள்.

ஏழு வருடத்தில் அவளுக்கு ஒரு பெயர் வந்திருந்தது. கறாரானவள், முகத்துக்காக எழுதமாட்டாள் என்றார்கள். முதல் புத்தகம் போட்ட இளைஞர்கள் அவளுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு என்ன எழுதுவாளோ என்று காத்திருப்பார்கள். பகலெல்லாம் அடுத்தவர் பெயரில் விழுந்த எழுத்துப்பிழைக்கு விண்ணப்பம் தட்டித் தருகிறவளுக்கு, தன் பெயரைக் கண்டு எங்கேயோ யாரோ பயப்படுகிறார்கள் என்பது பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஆடி மாதம் கோதண்டபாணி வாரிசுச் சான்றிதழுக்காக வந்தார். ஐம்பத்திரண்டு வயது. செராமிக் எஸ்டேட் என்கிற பீங்கான் தொழிற்பேட்டையில், மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை. விரலிடுக்குகளில் கழுவியும் போகாத வெள்ளைமண் இருந்தது. விண்ணப்பம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பிரிண்டருக்குப் பின்னால் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் நீங்கள் படிக்கிறதா என்று கேட்டார். ஆமாம், இதைப்பற்றி எழுதுவதும் உண்டு என்று அவள் பத்திரிகையின் பெயரைச் சொன்னாள்.

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராக வந்தார். பாலிதீன் கவரில் ஒரு புத்தகம் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நாவல். அவர் எழுதியது. ஒன்பது வருடம் எழுதி, கடலூரில் ஒரு அச்சகத்தில் கொடுத்து இருநூறு பிரதி போட்டிருந்தார்.

“கம்மாபுரம் பக்கம் எங்க ஊரு, நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிடுச்சு மேடம். அதப் பத்தி எழுதியிருக்கறன். நீங்க படிச்சுட்டு நாலு வரி சொன்னா போதும். நல்லா இல்லன்னாலும் பரவாயில்ல.”

மதிவதனி வாங்கி வைத்தாள். இரண்டு வாரம் அது பிரிண்டருக்குப் பின்னாலேயே கிடந்தது.

இதழ் திங்கட்கிழமை வரவேண்டும். தருவதாகச் சொன்ன ஒருவர் சனிக்கிழமை மதியம் கையை விரித்துவிட்டார். ஒரு கட்டுரைக்கான இடம் காலி. அவள் கோதண்டபாணியின் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். ஊரில் நிலத்தை அளக்கிறார்கள், கிழவர்கள் அழுகிறார்கள். மனு எழுதுகிறார்கள், பெண்கள் அழுகிறார்கள். எழுபது பக்கத்துக்குள் ‘கண்ணீர்’ என்ற சொல் நாற்பத்தாறு முறை வந்தது. பென்சிலால் கோடு போட்டு அவளே எண்ணினாள். அதற்குமேல் படிக்கத் தேவையில்லை என்று தோன்றியது. கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்தில் கட்டுரை முடிந்துவிட்டது. எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. கட்டுரையின் முடிவில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘இந்த நாவலில் கண்ணீர் விடாத ஒரே ஆள் வாசகர்தான்.’

திலீபன் அந்த வரியையே தலைப்பாக்கினான்.

ஏட்டுவெளியில் எந்தக் கட்டுரையையும் ஐந்நூறு பேருக்குமேல் படித்ததில்லை. இதை ஒரு வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள். அந்த வரியைப் படமாக்கிப் பகிர்ந்தார்கள். அரசியல்வாதி அழுத செய்திக்குக் கீழே, கிரிக்கெட்டில் தோற்றதற்குக் கீழே, அதே வரி ஆள்மாற்றி ஆள்மாற்றிப் போய்க்கொண்டிருந்தது. புத்தகத்தின் அட்டையும் பின்னட்டையில் இருந்த கோதண்டபாணியின் புகைப்படமும் சேர்ந்தே போயின. இரண்டு இலக்கிய அமைப்புகள் மதிவதனியை இணையக் கூட்டத்தில் பேச அழைத்தன. விமர்சனத்தில் நேர்மை என்பதுதான் தலைப்பு. அவள் பேசினாள்.

கோதண்டபாணிக்கு என்ன ஆனது என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. கம்பெனி வாட்ஸப் குழுவில் சூப்பர்வைசர் அந்தக் கட்டுரையைப் போட்டிருக்கிறார். நம்ம ஆளு புத்தகம் எழுதியிருக்கிறார் என்று பெருமையாகத்தான் போட்டாராம், முழுதும் படிக்காமல். மறுநாளிலிருந்து ஷிப்டில் அவருக்குப் பெயர் ‘கண்ணீரு’. கண்ணீரு வந்தாச்சா, கண்ணீரு டீ குடிச்சாச்சா. யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

சான்றிதழ் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி போனதும் வாங்கிக்கொள்ள வந்தார். மதிவதனி, அவர் சண்டை போடுவார் என்று நினைத்து அதற்கான பதிலையெல்லாம் மனதில் தயார் செய்துவைத்திருந்தாள். அவர் சான்றிதழை வாங்கி, பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று நிதானமாகப் பார்த்தார். மடிக்காமல் கவரில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“மேடம், நூத்தி நாப்பதாம் பக்கம் படிச்சீங்களா?”

“படிச்சேனே,” என்றாள் மதிவதனி.

அவர் தலையை ஆட்டினார். வரேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுவதும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. இருந்தும் புத்தகத்தை எடுக்க நான்கு நாளாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே சர்வர் வேலை செய்யவில்லை. வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திறந்தாள்.

ஊரைக் காலி செய்கிற நாள். ஒரு குடும்பம் வீட்டின் கதவையும் ஜன்னல்களையும் கழற்றி டிராக்டரில் கட்டிக்கொண்டு போகிறது. புது இடத்தில் சுவர் எழும்பவில்லை. எட்டு மாதம் அந்தத் தலைவாசல் கதவு ஒரு வேப்பமரத்தில் சாய்ந்து நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு ஓலைக்கூரைக்குக் கீழே குடும்பம் இருக்கிறது. ஒருநாள் தபால்காரர் வருகிறார். மரத்தில் சாய்ந்திருக்கிற கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார். வீட்டுக்காரி கூரைக்கடியிலிருந்து வெளியே வந்து, கதவைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கு முன்னால் நின்று தபாலை வாங்குகிறாள். இருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் காட்சி.

மதிவதனி அதை மூன்று முறை படித்தாள். பிறகு எழுபத்தோராம் பக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்து நூலின் கடைசிவரை போனாள். நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரை ஒருவரும் அழவில்லை. பிள்ளை சாகிறது, அழவில்லை. மாடு விற்கிறார்கள், அழவில்லை. ‘கண்ணீர்’ என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. தவறவிட்டிருப்போமோ என்று இரண்டாம் முறையும் தேடினாள். இல்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தவரைக்கும் அந்த ஊர்க்காரர்கள் அழுதார்கள். அது போனதும் நிறுத்திவிட்டார்கள். அவள் எண்ணிச் சிரித்த நாற்பத்தாறும் அந்த மனிதர் தெரிந்தே வைத்தவை.

மாலையிலேயே திலீபனுக்குப் போன் செய்தாள். எழுபது பக்கம்தான் படித்தேன் என்பதை முதலில் அவனிடம் சொன்னாள். அவன், எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்றான். அவள் மறுப்பு எழுதப்போவதாகச் சொன்னாள். படிக்காமல் எழுதினேன் என்று அதில் சொல்லத்தான் போகிறேன் என்றாள்.

“எழுது. ஆனா அதச் சொல்லாத,” என்றான் திலீபன். “அதச் சொன்னா ஏழு வருஷமா நீ எழுதின எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. மத்த எழுத்தாளர்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவள் இரண்டு நாள் வாதாடினாள். மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டாள். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாக அன்றைக்குத் தோன்றியது. பயம்தான் நியாயம்போல வந்து நின்றது என்று பின்னால் தெரிந்துகொண்டாள்.

‘மறுவாசிப்பு’ என்று அந்தக் கட்டுரை வந்தது. அவள் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. அறுபத்தோரு பேர் படித்தார்கள். நான்கு பேர் பின்னூட்டம் போட்டார்கள். ஒருவர், எழுத்தாளர் உங்கள் சொந்தக்காரரா என்று கேட்டார். இன்னொருவர், மிரட்டினார்களா தோழர் என்று கேட்டார். கோதண்டபாணியின் பெயரைத் தேடினால் இப்போதும் முதல் கட்டுரைதான் மேலே வந்தது. அதை எடுத்துவிடச் சொன்னாள். திலீபன் முணுமுணுத்தாலும் எடுத்துவிட்டான். ஆனால் படங்களை யார் எடுப்பது. அவை யார் யார் போனிலோ இருந்தன.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விலாசம் விண்ணப்பத்தில் இருந்தது. சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்தவர்களுக்கான மாற்றுக் குடியிருப்பில் ஒரே மாதிரியான தெருக்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டில் கோதண்டபாணியும் அவர் மனைவி கொளஞ்சியம்மாளும் இருந்தார்கள். யார் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் முகத்தில் எதையும் காட்டாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ வைக்கப் போனாள்.

மதிவதனி சுற்றிவளைக்கவில்லை. “நான் எழுபது பக்கம்தான் படிச்சிருந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்,” என்றாள்.

“தெரியும்மா,” என்றார் அவர். முதல்முறையாக மேடம் என்று சொல்லாமல் விட்டார். “அன்னிக்கே தெரியும். படிச்சிருந்தா அந்தக் கதவப் பத்தி ஏதாச்சும் கேட்டிருப்பீங்க.”

அவள் இரண்டாவது கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். பார்த்தேன், நல்லா எழுதியிருந்தீங்க என்றார். அதில் உண்மையைச் சொல்லவில்லை, இனிமேல் எழுதிவிடுகிறேன் என்றாள். அதனால் இனிமேல் என்ன ஆகப்போகிறது, நீங்கள் எதற்குப் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். அதில் கிண்டல் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மீதிப் பிரதிகளைத் தான் வாங்கிக்கொண்டு நூலகங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அனுப்புவதாகச் சொன்னாள். எஸ்டேட்டிலேயே ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர் பொம்மைகளைச் சுற்றி அனுப்ப நல்ல காகிதம் என்று கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றார் கோதண்டபாணி. நூற்று எழுபது பிரதி. வீட்டில் ஒன்று இருந்தது. அதைப் பிள்ளை எங்கேயோ வைத்துவிட்டதாம்.

“அடுத்தது எழுதறீங்களா?” என்று கேட்டாள்.

கொளஞ்சியம்மாள் டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“ரெண்டு நோட்டு எழுதியிருந்தன். இது வர்றதுக்கு முன்னாடியே. அதுக்கப்புறம் உக்காந்து பாத்தன். ஒரு வார்த்த எழுதுனா, பின்னாடி நின்னு எவனோ எண்ணிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்குது. இந்த வார்த்த எத்தன தடவ வந்திருக்குதுன்னு நானே திருப்பித் திருப்பிப் பாக்கறன். அப்பிடிப் பாத்தா ஓடலம்மா. வுட்டுட்டன்.”

மதிவதனி அந்த நோட்டுகளைக் கேட்டாள். படிக்க மட்டும் என்றாள். அவர் முகம் ஒருமாதிரி ஆயிற்று. வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லாமல், கொடுக்கவும் மனமில்லாமல், வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

வண்டிவரைக்கும் கொளஞ்சியம்மாள் கூட வந்தாள். தனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளாகவே சொன்னாள். அவர் எழுத எழுத வாசித்துக்காட்டுவார். கேட்டுக்கொண்டே பருப்பு புடைப்பாள், பூ கட்டுவாள். அவள் சொல்லித்தான் இரண்டு இடத்தில் மாற்றினாராம். அந்தக் கதவு அவள் அம்மா வீட்டுக் கதவு.

“இப்ப வூட்டுக்கு வந்தா போனத்தான் பாக்கறாரு,” என்றாள். “நல்லாத்தான் இருக்கறாரு. சும்மா இருக்கறாரு.”

அந்த வாரமே மதிவதனி எல்லாவற்றையும் எழுதினாள். எழுபது பக்கம், பொய், திலீபன் சொன்னது, தான் ஒத்துக்கொண்டது. திலீபன் அதைப் போட மறுத்தான். தன் முகநூல் பக்கத்தில் போட்டாள். இருபத்துமூன்று பேர் விருப்பக்குறி இட்டார்கள். துணிச்சலான பதிவு என்று மூன்று பேர் எழுதினார்கள். அவளை வைது ஒருவராவது எழுதுவார் என்று இரண்டு நாள் பார்த்தாள். யாரும் எழுதவில்லை. மூன்றாம் நாள் வேறு ஒரு விவகாரம் வந்து எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

ஏட்டுவெளியிலிருந்து விலகிக்கொண்டாள். திலீபன் கொஞ்ச நாள் தனியாக நடத்தினான். பிறகு புத்தகங்களை ஒரு நிமிட வீடியோவில் சொல்கிற தளமாக மாற்றினான். இப்போது அதற்குக் கூட்டம் அதிகம். மதிவதனிக்குப் படிப்பது நிற்கவில்லை. ஆனால் எந்தப் புத்தகமும் முன்போல் உள்ளே போகவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன் என்று யாருக்கோ நிரூபிக்கிறவள்போலப் படித்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பங்குனியில் ஒருநாள் கொளஞ்சியம்மாள் மையத்துக்கு வந்தாள். ரேஷன் கார்டில் போன் நம்பர் மாற்றவேண்டும். பழைய நம்பர் அவருடையது. அவர் பொங்கல் முடிந்ததும் குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாராம். எஸ்டேட்டிலிருந்து ஆறு பேர் போவதாக இருந்து, கடைசியில் இவர் மட்டும்தான் போனார். இந்த வயதில் எதற்கு இவ்வளவு தூரம் என்று மதிவதனி கேட்டாள்.

“நானும் கேட்டன். அங்க யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாதாம். பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்களாம். அதுவே போதும்ங்கறாரு.”

மதிவதனி கார்டை வாங்கி எண்ணைத் தட்டினாள். போனில் வருகிற ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றாள். அந்த அம்மாளுக்கு எண்களைப் படிக்கத் தெரியவில்லை; நீங்களே படிச்சுக்குங்க என்று போனைத் திருப்பி மதிவதனியிடம் நீட்டினாள்.