மடித்த சுவர் எங்கே நிற்கும்?

பதினான்காவது முறையாக அனுப்பிய வரைபடத்துக்கு ஒப்புதல் வந்த அன்று, சின்னவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மேசையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி அதன் மேலேயே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சின்னவள் என்றதும் யாரோ இளம்பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்தொன்பது. கட்டடம் வடிவமைப்பது தொழில். பத்து வயது மூத்த அக்கா ஒருத்தி இருக்கிற பாவத்துக்கு, தலை நரைத்த பிறகும் அவள் குடும்பத்தில் சின்னவள்தான்.

வரைந்தது பள்ளிக்கூடம். அதுவும் அந்த அக்கா, அதாவது பெரியவள், தலைமையாசிரியையாக இருக்கிற பள்ளிக்கூடம். சொந்தக்காரர்களுக்குச் செய்கிற வேலை இருக்கிறதே, அதுபோல ஆளை அரைத்துப் பிழிகிற வேலை உலகத்தில் வேறு கிடையாது. மற்றவர்கள் அலுவலக நேரத்தில் கூப்பிடுவார்கள். அக்கா பல் தேய்க்கும்போது கூப்பிடுவாள்.

கிடைத்த மனையோ, இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒடுங்கிய துண்டு. முன்னால் பேருந்து போகிற தெரு, பின்னால் சந்து. அதற்குள் முந்நூறு பிள்ளைகள் படிக்க வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், நெருப்புப் பிடித்தால் மூன்றே நிமிடத்தில் அத்தனை பேரும் தெருவில் நிற்க வேண்டும். போதாததற்கு, ஒரே அறை காலையில் நூலகமாகவும் மாலையில் தேர்வுக்கூடமாகவும் மாற வேண்டும். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் அடக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. "உங்க அக்கா பள்ளிக்கூடம் எழும்புறதுக்குள்ள நம்ம பொண்ணு ரெண்டு டிகிரி முடிச்சிடுவா போல" என்று கணவர் கேலி செய்தார். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தின் உயிர் மேல்மாடியில் இருந்தது. இரண்டு பெரிய அறைகள், நடுவே ஒரு மடிப்புச் சுவர். பன்னிரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் மூன்றடி அகலம். இழுத்து மூடினால் இரண்டு அறை. மடித்து ஒதுக்கினால் முந்நூறு பேரும் உட்காரக்கூடிய ஒரே கூடம். சுவரின் ஒரு முனையில் முன் படிக்கட்டு, மறுமுனையில் பின் படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கட்டிலிருந்தும் இந்த அறைக்கு ஒரு கதவு, அந்த அறைக்கு ஒரு கதவு. எந்தப் பக்கம் புகை வந்தாலும் இன்னொரு பக்கம் ஓடலாம்.

அந்தக் கூடத்துக்காகத்தான் பெரியவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது பள்ளி நடப்பது ஒரு பழைய துணிக்கிடங்கில். முற்றமும் கிடையாது, கூடமும் கிடையாது. காலைக் கூட்டம் படிக்கட்டிலேயே நடக்கும். பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று மாடிக்கும் நிற்பார்கள். பெரியவள் நடுத் திருப்பத்தில் நின்று தொண்டை வறளப் பேசுவாள். மேலே நிற்பவர்களுக்கு அவளுடைய உச்சந்தலை தெரியும், கீழே நிற்பவர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும். பதினெட்டு வருடத்தில் தன் பிள்ளைகள் மொத்தப் பேரையும் அவள் ஒரே பார்வையில் பார்த்ததே இல்லை.

"ரிட்டையர் ஆகறதுக்குள்ள ஒரே ஒரு நாள், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ என் கண்ணு முன்னாடி உட்காரணும்டி. வேற ஒண்ணும் கேக்கல" என்பாள். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினால் அவள் கேட்ட அந்த ஒரு நாள் கிடைத்துவிடும்.

ஒப்புதல் வந்த மறுநாள் காலை, மடிப்புச் சுவர் செய்து பொருத்துகிறவர் வந்தார். கையில் அளவு நாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு டேப்பு என்றே பெயர். உட்காரச் சொன்னால்கூட நாற்காலியை ஒருதரம் அளந்துவிட்டுத்தான் உட்காருவார். வரைபடக் கட்டு இரண்டையும் பிரித்துவைத்து, விரலை எச்சில் தொட்டு, தாள் தாளாகப் புரட்டினார்.

"ஏம்மா, சுவரை மடிச்சா எங்க நிக்கும்?"

"அதான் போட்டிருக்கேனே அண்ணே. பின் படிக்கட்டு ஓரத்துல ஒரு பொந்து இருக்கும் பாருங்க. பன்னெண்டு பலகையும் அதுக்குள்ள போயிடும்."

"இந்தப் படத்துல இருக்கு. அந்தப் படத்துல காணோமே?"

இரண்டு படம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். தீயணைப்புத் துறைக்குச் சுவரை மூடிய நிலையில் வரைய வேண்டும், ஏனென்றால் அறைக்கு எத்தனை வழி என்று அவர்கள் எண்ணுவார்கள். கல்வித் துறைக்குத் திறந்த நிலையில் வரைய வேண்டும், ஏனென்றால் கூடத்தில் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணுவார்கள். இவர்கள் படத்தை அவர்கள் பார்ப்பதில்லை, அவர்கள் படத்தை இவர்கள் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் இப்போது டேப்புவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெயில் பட்டதும் கோடுகள் தெளிந்தன. ஒரு தாளில் பொந்து இருந்த இடத்தில் மற்றத் தாளில் படிக்கட்டு இருந்தது. அப்படியானால் மடித்த பலகைகளுக்குப் போக்கிடம் இல்லை. நாலடி நீளம், மூன்றடி அகலக் கட்டாகப் பின் படிக்கட்டின் இரண்டு கதவுகளுக்கும் முன்னால்தான் நிற்கும். முந்நூறு பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அன்றைக்குத்தான் சுவர் மடிந்திருக்கும். அன்றைக்குத்தான் பின்வழி அடைந்திருக்கும்.

சின்னவள் தாள்களை இறக்கி மேசையில் விரித்தாள்.

"முன்பக்கம் தள்ளிடலாமே?" என்றார் டேப்பு.

"அங்கயும் இதே மாதிரி ரெண்டு கதவு."

"பாதி இங்க, பாதி அங்க?"

"அப்ப ரெண்டு வழியும் போச்சுண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். "கதவைத் தள்ளி வச்சா?"

"வழி மாறினா படம் திரும்பத் தீயணைப்புக்குப் போகணும். போன தடவை பத்து மாசம் ஆச்சு." என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எப்படி நடந்தது என்பது அவளுக்கு நன்றாக நினைவு இருந்தது. பதினோராவது திருத்தம். பின் படிக்கட்டு மூன்றடி அகலம் கூட வேண்டும் என்று தீயணைப்பு அதிகாரி எழுதியிருந்தார். நியாயமான கோரிக்கை. அவள் பொந்தை எடுத்துப் படிக்கட்டுக்குக் கொடுத்தாள். கல்வித் துறைப் படத்திலும் அதை மாற்றிவிட்டு, பலகைகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே தலையைக் கையில் தாங்கி ஐந்து நிமிடம் கண்ணை மூடினாள். கண் திறந்தபோது மாற்றிவிட்டதாகவே மனதில் பதிந்துபோயிருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, சோம்பலும் இல்லை, வெறும் அசதி. ஆனால் அடைபட்ட கதவுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அது என்ன ஆறுதல்?

ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. மடிப்புச் சுவரே வேண்டாம் என்று அந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பிவிடலாம். மூடிய சுவரோடு ஏற்கெனவே ஒப்புதல் ஆகிவிட்டது, கல்வித் துறை எண்ணுகிற தலைக்கணக்கும் இரண்டு அறையில் குறையாது, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கலாம். கூடம் மட்டும் இருக்காது. அதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பகல் இரண்டு மணிக்குப் பள்ளிக்குப் போனாள். பெரியவளின் அறை மூன்றாவது மாடியில். ஒடுங்கிய படி, ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை. எதிரே ஒரு வகுப்பு இறங்கி வந்ததால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். கடைசிப் பிள்ளை கடந்து போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி, வா! ஒப்புதல் வந்த கையோட வருவேன்னு தெரியும்" என்று பெரியவள் எழுந்தே வந்துவிட்டாள். "எல்லாருக்கும் சொல்லிட்டேன். கூடத்துல முதல் நாள் யார் எந்த வரிசையில உட்காரணும்னுகூட எழுதி வச்சிட்டேன், பாக்கறியா?"

"அக்கா, உட்காரு. ஒரு சிக்கல்."

சொன்னாள். தாளை விரித்து, பலகைக் கட்டு நிற்கும் இடத்தில் பென்சிலால் கட்டம் போட்டுக் காட்டினாள். மறு ஒப்புதலுக்குப் பத்து மாதம் ஆகும் என்பதையும் செங்கல் சுவர் யோசனையையும் சொன்னாள். எப்படி நடந்தது என்ற இடம் வந்தபோது மட்டும் நாக்கு புரண்டது. "தீயணைப்புல படிக்கட்டை அகலப்படுத்தச் சொன்னாங்க, அதுல பொந்து அடிபட்டுப் போச்சு" என்றாள். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பெரியவள் அத்தனை சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "சரி, பலகைக் கட்டு கதவை விட்டுத் தள்ளி, கூடத்துக்குள்ளயே நிக்கட்டும். கதவை மறைக்கற மாதிரி யாரும் மடிக்கக்கூடாதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடறேன். என் டீச்சருங்க நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாங்க."

"போர்டை நம்பியா அக்கா?"

"ஏன், என் பள்ளிக்கூடத்துல நான் எழுதி வச்சதை யார் மீறியிருக்கா, சொல்லு பாப்போம்."

சின்னவள் எழுந்தாள். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பி, நடைபாதையின் கடைசிவரை அழைத்துக்கொண்டு போனாள். அங்கே கிடங்கின் பின் படிக்கட்டுக்குப் போகிற கதவு இருந்தது. இருந்தது என்று சொல்வதுகூட அதிகம், கதவின் மேல்விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. கால் உடைந்த பெஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஓரத்தில் சுருட்டிய தேசப்படங்கள், ஒரு பழைய அலமாரி, விளையாட்டு விழா வளையங்கள்.

"ரிப்பேருக்கு அனுப்பணும்னு வச்சது. ரெண்டு நாள்ல எடுத்துடுவோம்னுதான்..." என்றாள் பெரியவள்.

"எப்ப வச்சது?"

பெரியவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. மேல் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைத் தங்கை பிடித்தாள். இரண்டு கிழவிகளும் மூச்சு வாங்க வாங்க ஐந்து பெஞ்சுகளை இறக்கினார்கள். ஆறாவதை நகர்த்தியதும் கதவில் ஒட்டியிருந்த அட்டை தெரிந்தது. தடித்த எழுத்து, அடிக்கோடு வேறு. "அவசர வழி. இங்கே எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. தலைமையாசிரியை." கையெழுத்து பெரியவளுடையதுதான்.

பெரியவள் இறக்கிய பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.  பக்கத்து வகுப்பில் யாரோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப அனுப்பினா பத்து மாசமா?"

"குறைஞ்சது. அதுக்கு மேலயும் ஆகலாம். அதுவரைக்கும் பிள்ளைங்க இங்கதான்."

"இந்தப் படிக்கட்டுல."

"ஆமா."

"செங்கல் வச்சிட்டா திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்?"

"ஆரம்பிச்சிடலாம். கூடம் இருக்காது அக்கா. பின்னால உடைச்சுச் செய்யலாம்னு பொய் சொல்லி உன்னைத் தேத்த மாட்டேன். கூரையைத் தாங்குற சுவராத்தான் கட்டணும்."

"எனக்குத் தேறுதல் சொல்ல இங்க யாரு கேட்டா?" என்று வெடுக்கென்றாள் பெரியவள். அப்புறம் குரல் தணிந்தது. "செங்கல் வச்சிடு. பள்ளிக்கூடக் கமிட்டியில நான் பேசிக்கிறேன்." கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.  அக்கா எதற்கும் அழுது சின்னவள் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூடப் பந்தல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மிச்சப் பெஞ்சுகளையும் சேர்ந்து நகர்த்தினார்கள். கதவு திறக்க மறுத்து, பிறகு ஒரு முனகலோடு திறந்தது; அந்த அதிர்வில் அட்டை கழன்று கீழே விழுந்தது. சந்திலிருந்து காற்று வந்தது.

பெரியவள் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். கோபம் திரும்பியிருந்தது, அவளைக் கோபத்தோடு பார்ப்பதே ஒரு நிம்மதியாக இருந்தது. "அந்தத் தீயணைப்பு ஆளு பேரு என்ன? விலாசம் குடு. நாலு பக்கத்துக்கு எழுதறேன். படிக்கட்டை அகலப்படுத்துன்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு, அதனால என்ன போகும்னு பாக்கத் தெரியாதா? இருபது நாள் தூக்கம் வராத மாதிரி எழுதறேன், பாரு."

சின்னவள் பைக்குள் கையை விட்டாள். கடிதக் கட்டு அங்கேதான் இருந்தது, அதிகாரியின் பெயரும் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அக்கா நாலு பக்கம் எழுதுவாள், அதிகாரி பதில் போட மாட்டார், விஷயம் அதோடு முடிந்துபோகும். வெறும் கையை வெளியே எடுத்தாள்.

"அவர் மேல தப்பு இல்லக்கா. அவர் கேட்டது சரிதான். ஒரு படத்துல மாத்திட்டு இன்னொண்ணுல மாத்த மறந்தது நான். அன்னிக்கே கவனிச்சிருந்தா பலகைக்கு வேற இடம் பாத்து வரைஞ்சிருப்பேன். உன் கூடம் இருந்திருக்கும்."

பெரியவள் அவளையே பார்த்தாள். திட்ட வாயைத் திறந்தாள். தங்கையின் கண்ணுக்குக் கீழே இரண்டு வருடமாக விழுந்திருந்த கருவளையத்தைப் பார்த்தாளோ என்னவோ, வாயை மூடிக்கொண்டாள். கதவருகே கிடந்த அட்டையை எடுத்து, தூசியை ஊதி, திரும்ப அதே இடத்தில் ஒட்டப் பார்த்தாள். பசை காய்ந்துபோயிருந்தது, ஒட்டவில்லை.

"நீ இதைச் சொல்லாம இருந்திருக்கலாம்டி" என்றாள். "அந்த ஆளைத் திட்டிட்டாவது நான் நிம்மதியா இருந்திருப்பேன்."