பெயர் சுரண்டிய சிப்

இடுக்கியில் பிடித்திருந்த கம்ப்யூட்டர் சிப்பை அடுப்பு நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கறுப்பு மேலோடு பொரிந்து வெடித்தது. ஜன்னலைத் திறந்துவைத்தும் அடுக்களை முழுக்க நாற்றம்.

"எரியுதா?" உள்ளறையிலிருந்து அண்ணன் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது.

"எரியுது. பேசாம படுண்ணா."

பழைய கம்ப்யூட்டர்களில் பாட்டு கேட்பதற்கென்று தனியாக ஒரு அட்டை செருகுவார்கள். அண்ணனின் முதல் கம்ப்யூட்டரில் இருந்த அட்டையில் ஒரு சிப். அதன் பெயரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அதன் கீழ்ஸ்தாயியில் ஒரு கரகரப்பு உண்டு. வேறெந்தச் சிப்பிலும் அது வராது. யாரோ பெயர் தெரியாத கெட்டிக்காரன் சொந்தமாக வடிவமைத்த சிப் இது என்று அண்ணன் அடித்துச் சொல்வார். பிரபலமான பெரிய கம்பெனிச் சிப்பின் திருட்டு நகல்தான் என்று இணையக் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அதில் முன்னால் நின்றவர் ஒரு மருந்துக்கடைக்காரர். வாதாடி வாதாடியே 'வக்கீல்' என்று பெயர் வாங்கியவர். மூடிப்போன கம்பெனிகள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பழைய இரும்புக்கடைகள் என்று அண்ணன் விசாரிக்காத இடமில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, "இது முடியட்டும்" என்பார்.

கைவசம் இருந்தது இந்த ஒன்றுதான். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் மேலோட்டை எரித்து உடைக்க வேண்டும். உடைத்தால் பிறகு பாடாது. அதனாலேயே தொடாமல் வைத்திருந்தார். டாக்டர் கைவிரித்த பிறகு, இன்று காலையில்தான், "உடைச்சிடு" என்றார்.

அவளுக்குப் பல் செட் செய்யும் இடத்தில் வேலை. சின்னச் சின்னப் பொருளைச் சுரண்டிப் பழகிய கை. ஆறிய சிப்பின் கரியை ஊசிமுனையால் பக்குவமாக நீக்கி, உள்ளிருந்த மினுங்கும் துணுக்கைத் துடைத்து, வேலையிடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

பாத்தி பாத்தியாகக் கோடுகள். மூலையில் ஓர் எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணை அவள் சொல்வாள். அத்தனை தடவை அண்ணன் வாயால் கேட்டிருக்கிறாள். பெரிய கம்பெனியின் எண். காப்பியடித்தவன் கம்பெனி முத்திரையை நீக்கிவிட்டு, எண்ணை நீக்க மறந்திருக்கிறான்.

நகல்தான்.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் என்ன? அண்ணனுக்குக் கண் மங்கிப்போய் மாதக்கணக்காகிறது. எழுந்து வந்து பார்க்கவா போகிறார்? ஒரு பெயரைக்கூடத் தயார் செய்துகொண்டாள். கட்டிலருகே வந்து உட்கார்ந்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"என்ன தெரிஞ்சுது?"

"அந்த நம்பர்தாண்ணா இருக்கு. அப்படியே இருக்கு."

அண்ணனின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறிக் கையைப் பிடித்தாள். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா!" என்றார். "இனிமே தேட வேண்டாம். வக்கீலுக்குப் போன் போடு."

வக்கீலின் குரலை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்தேங்க."

"சே!" என்றார் அவர். "ஒருநாள் இந்த மனுஷன் என் மூக்க உடைப்பார்னு காத்துக்கிட்டு இருந்தேனே. சரி, காப்பின்னா அந்தக் கரகரப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

அண்ணன் போனைத் தன் பக்கம் இழுத்தார். "பரீட்சையில பக்கத்துப் பையனப் பாத்து எழுதினவன்... தப்பா எழுதிட்டான்யா. நான் அந்தத் தப்பைத்தான்... ரசிச்சிருக்கேன்."

வக்கீல் வெடித்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மதியம் கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றார். "நீயும் கொஞ்சம் படு" என்றார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியபோது மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, மறுபடி ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை. முகத்தில் வேதனை எதுவும் இல்லை. அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். கண்ணில் நீர் வந்தது. அதோடு, நெஞ்சில் யாரோ ஏற்றி வைத்திருந்த பாரத்தை இறக்கியது போலவும் இருந்தது. அதற்காக வெட்கப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்கார அக்கா ஆட்களுக்கும் அமரர் ஊர்திக்கும் சொல்லி அனுப்பி, டீ போட்டுக் கொடுத்தாள். "வண்டி வர்ற வரைக்கும் உள்ள நான் இருக்கேன், நீ கொஞ்சம் காத்தாட உக்காரு."

வாசல்படியில் உட்கார்ந்தவள் சுவரில் சாய்ந்தாள்.

வண்டி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஓட்டுநர் இறங்கி, டம்ளர் மடியில் சரிய வாய் திறந்து தூங்கும் பெண்ணைப் பார்த்தார். திரும்பிப் போய் எஞ்சினை அணைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, எதிர்ச்சுவர் நிழலில் போய் நின்றுகொண்டார்.